மலர் அப்பா ஹவுஸ்

மார்ச் 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. ஃபேக்டரி விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு மேரி அக்கா: "உங்க வீட்டு போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு லா, ரெண்டு தடவை."

கிளினிக்கா? இருமலில் ரத்தம் வந்து, இவர் நுரையீரலில் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி இன்றோடு ஒன்பது நாள். ரிசல்ட் வந்தால் போன் பண்ணுவார்களாம். பகலில் வீட்டில் ஆள் ஏது? இவர் ஷிப்யார்டில், மகள் மலர் ஸ்கூலில், நான் வேலையில்.

மார்ச் 2, புதன்

தேக்கா கடைத்தெரு. போன் கடை. இரண்டு மாடல். ஒன்று, வயர் இல்லாதது மட்டும். இன்னொன்றில் கேசட்டும் உண்டு, ஆள் இல்லாதபோது பேசுவதைப் பிடித்து வைக்கும்.

கேட்டவை: துணி போடும் ஜன்னல் வரை கேட்குமா? கரண்ட் போனால் பேசியது அழியுமா?

"கீழ கார் பார்க் வரைக்கும் கேக்கும் அக்கா. அழியாது, பயப்படாதீங்க."

பயப்படாதே என்று யார் சொன்னாலும் இப்போது எரிச்சல் வருகிறது. கேசட் வைத்ததையே வாங்கினேன். எம்.ஆர்.டி. ரயிலில் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

மார்ச் 3, வியாழன்

சார்ஜ் ஏறிவிட்டது. போன் பண்ணுபவர்களுக்குக் கேட்க முதலில் நம் குரலைப் பதிய வேண்டுமாம். இவர், "எனக்கு இருமல் வரும், நீயே பேசு." மலர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். முதல் வரியிலேயே இவர் பேர்.

"அப்பா பேரு சொன்னாத்தாம்மா யாரு வீடுன்னு தெரியும்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை. கிளினிக் கவுண்டரில்கூட இவருடைய ஐ.சி. அட்டையைத்தான் நீட்டினேன். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தது. வெறும் நம்பிக்கைதான், தெரியும். அதற்காக இந்த வாரத்திலா சோதித்துப் பார்ப்பேன்?

இரண்டு பேரும் வெளியே போனதும் பதிந்தேன்: "திஸ் இஸ் மலர் அப்பா ஹவுஸ். ப்ளீஸ் டாக்."

மார்ச் 4, வெள்ளி

சாயங்காலம் வந்தால், மெஷினில் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. பட்டனை அழுத்தக் கை வரவில்லை. மலர்தான் அழுத்தினாள். யாரோ ஒரு மலாய்ப் பெண்: "ஹலோ, செஸ்ட் கிளினிக்... மிஸ்டர் மலராப்பா? அலாமாக், ராங் நம்பர் லா." டக். மறுபடி அதே குரல், "ஹலோ?" டக்.

கிளினிக் மூடியாச்சு. "ஏம்மா இப்படிப் பண்ணே?" மலர் அழுதாள். இவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது.

"பேரைச் சொன்னா செத்தா போயிடுவேன்?"

ஓடிப்போய் வாயைப் பொத்தினேன். உள்ளங்கையில் சூடாக மூச்சு. கையை எடுக்கவே பயம்.

மார்ச் 5, சனி

மழை இல்லை. எட்டரைக்கு மலர் கிளினிக்குக் கூப்பிட்டாள். மதியத்துக்குள் டாக்டரே போன் பண்ணிப் பேசுவாராம். நல்ல சேதி என்றால் நர்ஸே சொல்லியிருக்க மாட்டாளா? எனக்குப் பாதி நாள் வேலை, லீவு கிடையாது. மலர் ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விட்டாள். இவர் ஓவர்டைமுக்குப் போகக் குளிக்கிறார்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். தாயே, குறைப்பதென்றால் என் ஆயுசில் குறைத்துக்கொள். பட்டனை அழுத்தினேன்.

"நடராஜன். திஸ் இஸ் நடராஜன் ஹவுஸ்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"என்ன? கூப்பிட்டியா?"