குழந்தையின் சர்க்கரை அளவாகப் பதிவான என் சர்க்கரை அளவு

அனுப்புநர்:
காலஞ்சென்ற அஞ்சல் அதிகாரியின் மனைவி (வயது 76),
முதல் மாடி, 3ஆம் எண் வீடு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: நீரிழிவுள்ள குழந்தைகளும் பெற்றோரும் மனம்விட்டுப் பேசுவதற்கு, பூட்டிக் கிடக்கும் 14ஆம் எண் அறையைத் திறந்து ஆலோசகரை நியமிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. கீழே சொல்லப்போகும் தவறில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

1. என் எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். தாய் ஒரு தையற்கூடத்தில் மேற்பார்வையாளர். தகப்பனார் லாரி ஓட்டுநர். பெரும்பாலும் வெளியூரில் இருப்பார். பள்ளி விட்டதிலிருந்து தாய் வேலை முடிந்து வரும்வரை குழந்தை என் வீட்டில் இருப்பாள். என்னைப் பெரியம்மா என்று அழைப்பாள். பாட்டி என்பதை நான் அனுமதிப்பதில்லை.

2. மாலைதோறும் தன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு. மூன்று மாதங்களுக்கு முன், “பெரியம்மா, நான் டாக்டர், நீங்க பேஷண்ட்” என்று என் விரலைக் கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டினாள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. சோதனைப் பட்டை வீணாகாதா என்றேன். “எக்ஸ்ட்ரா குடுத்திருக்காங்க” என்றாள். உன் அளவு எங்கே என்றதற்கு, “ஸ்கூல்லயே பாத்துட்டேன்” என்றாள். நம்பினேன். எனக்கு 94, 101, 97 என்று வந்தது. இந்த வயதில் அப்படி வருவதை மாடிப்படியில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

3. சர்க்கரை பார்க்கும் கருவி தனக்குள் பதிந்துவைத்ததும், அவள் நோட்டில் எழுதியதும் என்னுடைய அளவுகள். தங்கள் மருத்துவர் அவற்றைப் பார்த்து, “குட்டி, நீ கெட்டிக்காரி” என்று பாராட்டி, இப்படியே போனால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும் என்று மாலை இன்சுலினைக் குறைத்தார். அவர் முன் இருந்த எண்களுக்கு அது சரியான முடிவே. அதன்பின் காலையில் தாய் பார்க்கும்போது அளவு ஏறியே இருந்தது. “ஒளிச்சு ஒளிச்சு என்னடி திங்கிற?” என்று கேட்டு, அவர் பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இன்சுலினைக் குறைத்த பதினெட்டாம் நாள் குழந்தை வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, நினைவு மங்கிய நிலையில் தங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தாள். ஐந்து நாள் படுக்கையில் இருந்தாள். பிழைத்தாள்.

4. உண்மை வெளிவந்த விதம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. விசாரித்துக் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை. வார்டில் நானும் இருந்தபோது ஒரு செவிலியர், குத்துவதற்குமுன், “எந்த விரல்ல குத்தினா உனக்குப் பிடிக்கவே பிடிக்காது?” என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. குழந்தை ஒவ்வொரு விரலாக நீட்டி நெடுநேரம் பேசினாள். கடைசியில், “பெரியம்மா விரல்தான் நல்ல விரல்” என்றாள். ஏன் என்றார் செவிலியர். “என் நம்பர் ஜாஸ்தியா வந்தா அம்மா சாப்பிட மாட்டாங்க” என்றாள்.

தாய் அருகில்தான் நின்றிருந்தார். பிறகு தாழ்வாரத்தில் என்னிடம், “நான் வேணும்னு பட்டினி கிடக்கலைங்கம்மா, சோறு இறங்கறதில்ல” என்றார். இரண்டு ஆண்டுகளாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை.

5. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள் நான். கேள்விப்பட்டதை நேரில் பார்க்காமல் எழுதுவதில்லை. ஆகவே அடுத்த பரிசோதனைக்கு உடன் சென்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடங்கள், ஒன்பது கேள்விகள். ஒன்பதும் எண்களைப் பற்றியவை. வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்ததால் மருத்துவரைக் குறைகூற மாட்டேன். ஆனால் அதே தாழ்வாரத்தில் ‘ஆலோசனை அறை, எண் 14’ என்ற பலகையைக் கண்டேன். மூன்று வெவ்வேறு நாட்களில் சென்றேன். மூன்று முறையும் பூட்டு. கண்ணாடி வழியாக அட்டைப்பெட்டிகளும் காலொடிந்த எடைக்கருவியும் தெரிந்தன. ஊழியர் ஒருவர், “அது பேருக்குத்தான் ரூம்மா. ஆள் போய் நாலு வருஷமாச்சு” என்றார்.

6. இப்போது தாய் முன்னிலையில்தான் சர்க்கரை பார்க்கிறார்கள். எண்கள் உண்மையானவை. ஆனால் குழந்தை தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை. தாய் அவளை நம்புவதில்லை. அடுத்த முறை அவள் வேறு எதைக் கண்டுபிடிப்பாள் என்பது எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறையும் பிழைப்பாளா என்பதும் தெரியவில்லை.

ஆகவே அந்த அறையைத் திறந்து, தகுதியுள்ள ஆலோசகரை நியமித்து, குழந்தைக்குத் தனியாகவும் பெற்றோருக்குத் தனியாகவும் நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நிமிடம் வேண்டும் என்பதை என்னால் சொல்ல இயலாது. அதை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

இந்த மனுவை எழுதுவதாகக் குழந்தையிடம் சொன்னேன். “வரப்போறவங்களும் முதல்ல நம்பர்தான் கேப்பாங்களா, பெரியம்மா?” என்றாள். அவளிடம் ஊகத்தைச் சொல்ல எனக்கு இனி உரிமையில்லை. தங்களைக் கேட்டுச் சொல்வதாக வாக்களித்திருக்கிறேன். இந்த மாதம் 24ஆம் தேதி அவளுக்கு அடுத்த பரிசோதனை. அதற்குள் தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

நாள்: ஜூலை 9
இடம்: என் இல்லம்

தங்கள் பதிலை அவளுக்குப் படித்துக் காட்டவிருக்கும்,
(கையொப்பம்)
3ஆம் எண் வீட்டில் வசிப்பவள்