ஹந்தானைச் சரிவில் அறுபது அடி

இன்று காலை பள்ளிக்கூட மதிலோரம் ஒடிந்து விழுந்த யூகலிப்டஸ் கிளையைக் காவலாளி வெட்டிக்கொண்டிருந்தார். வாசனை வகுப்புவரை வந்துவிட்டது. சாதாரணதர வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முக்கோணியைக் கொடுத்து, தெரியாத பக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு நான் சன்னலோரம் போய் நின்றேன். நீ போய் முப்பத்திரண்டு நாள் ஆகிறது.

ஹந்தானைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே நின்ற யூகலிப்டஸ் மரத்தை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அந்த வருடக் காற்றில் அதன் அடிமரம் வெடித்துவிட்டது. மறுநாளே வெட்டியாக வேண்டும். வெட்டினால் லயத்தின் மேல் விழுமா என்பதுதான் எல்லாருக்கும் கவலை. மரத்தடியிலிருந்து லயத்துக்கு ஐம்பது அடி. மரத்துக்கு நேர் கீழே, வரிசையின் கடைசி அறையான காம்பிராவில், உன் அக்கா பிறந்து ஒன்பது நாளான மகனோடு படுத்திருந்தாள். வெளியே விடாத மழை.

"பச்சப்புள்ளய சும்மா மழையில எறக்க முடியாது. மரம் எத்தன அடின்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் பாப்போம்" என்று தோட்டத் தலைவர் நம் இருவரையும் அனுப்பினார். லயத்தில் உயர்தரத்துக்குக் கணிதம் படித்தவர்கள் நாம் மட்டும்தானே.

மரத்துக்கும் மேலே போகும் பாதையில் நின்று அளந்தோம். அங்கிருந்து சரிவோடு மரத்தடிக்குக் கயிறு பிடித்ததில் அறுபது அடி. பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, நீ சேற்றில் தாடை பதியப் படுத்துப் பார்த்தாய். மர உச்சிக்கு ஏற்றக் கோணம் முப்பது பாகை. நான் கொப்பியில் ஒரு செங்கோண முக்கோணியைப் போட்டு, முப்பது பாகையின் தான்சன் விகிதத்தால் அறுபதைப் பெருக்கினேன். ஏறக்குறைய முப்பத்தைந்து அடி. எனக்கு அப்போது ராங்கி கொஞ்சம் கூடுதல். "யாரும் வெளிய வர வேணாம், எந்திரி" என்று கொப்பியை மூடினேன்.

நீ எழும்பவில்லை.

"இங்க எங்கடி செங்கோணம் இருக்கு?"

"மரம் நேராத்தானே நிக்குது?"

"மரம் நேராத்தான் நிக்குது. தரை சரிஞ்சுல்ல கெடக்கு."

"அக்கான்னதும் ஒனக்குப் பயம் வந்திருச்சு" என்று சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். நீ பாகைமானியைத் திருப்பி மரத்தடியைப் பார்த்தாய். இறக்கக் கோணமும் முப்பது. மேலே முப்பது, கீழே முப்பது, ஆக உன் கண்ணருகே அறுபது. சரிவுக்கும் மரத்துக்கும் இடையில் அறுபது. மிச்சமிருந்த உச்சிக் கோணமும் அறுபது. மூன்று கோணமும் சமம் என்றால் மூன்று பக்கமும் சமம். கயிறு அறுபது அடி, அப்படியானால் மரமும் அறுபது அடி. லயம் ஐம்பதடியில் இருந்தது.

சரிவில் விழுந்தடித்து ஓடி, "அறுபதடி! எல்லாரையும் வெளிய எடுங்க" என்று தலைவரிடம் கத்தியது நான்தான். பிள்ளையைத் துணியில் பொதிந்து கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கயிறு கட்டி மேல்பக்கம் இழுத்தும், மரம் கீழ்ப்பக்கமே சாய்ந்து கடைசிக் காம்பிராவின் கூரையைப் பிளந்தது. "டீச்சராகப் போற புள்ளயோட கணக்கு!" என்று தலைவர் என் தலையைத் தடவினார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ பக்கத்தில் நின்று சிரித்தாய்.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது, நீ கண்டி டவுனில் தையல்கடைக்குப் போனாய். எத்தனையோ தரம் சந்தித்தோம், ஊர்க்கதை எல்லாம் பேசினோம். இந்தக் கணக்குப் பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை.

நேற்று உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு ஒங்க தங்கச்சிதான்க்கா கணக்குப் போட்டா. என்னோடது பிழை."

அக்கா சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கே தெரியும். மண்டபத்துல வச்சே சொல்லிட்டா. ‘அவ டீச்சராகப் போறவ, கணக்குத் தெரியாதவன்னு ஊரு பேசிறக் கூடாது, நீ வாயத் தொறக்காத’ன்னா. நானும் தொறக்கல."

பஸ்ஸில் வரும்போது அழுதேன். இன்று சன்னலை விட்டுத் திரும்பி, கரும்பலகையில் அந்தச் சரிவையும் மரத்தையும் வரைந்தேன். என் செங்கோணத்தையும் முப்பத்தைந்தையும் எழுதிக் குறுக்கே வெட்டி, "இது என் பிழை" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பக்கத்தில் அறுபது என்று எழுதினேன். "அப்ப இது யாரோட விடை டீச்சர்?" என்று கேட்டார்கள்.

உன் பெயரைச் சொன்னேன். இனி ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.