பட்டுத் துணிக்குள் கம்ப்யூட்டர்

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஸ்டுடியோவில் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் ஓடுகிறது. ஒரு வாரமாக அணைக்கவில்லை. ரிப்பேர் பார்க்கும் ஷாஜி சேட்டன் சொன்னது: "சேச்சி, இது ஓஃப் ஆக்கினா பின்னே எழும்பாது."

"எங்க வீட்டுக்காரர் ஜாதிதான் சேட்டா. படுத்தா எழும்ப மாட்டார்" என்றேன். சிரித்தார்.

உள்ளே பக்கத்து வீட்டு ரேஷ்மாவின் கல்யாண போட்டோ. கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணமும் எடுத்தாயிற்று. பென் டிரைவ் செருகினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடுகிறது. கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரோடு அவள் நிற்கும் படம் வேறெங்கும் இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

ஷாஜி சேட்டனோடு பிராட்வே கடைத்தெருவுக்குப் போனேன். புதுசு நம்மால் முடியாது. ஏதோ ஆபீசில் ஓடிய பழசு ஒன்று சொல்லிவைத்தோம். பூஜை கழிந்துதான் கிட்டும்.

சாயங்காலம் பூஜை வைப்பு; வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது. கேமரா, கத்தரிக்கோல், ஆல்பம் வெட்டும் கத்தி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால். "கம்ப்யூட்டரையும் அணைச்சு வை. சரஸ்வதிக்கு ஓய்வு வேண்டாமா?" என்றார் வீட்டுக்காரர்.

திரையை மட்டும் அணைத்தேன். பெட்டிமேல் என் பட்டுப் புடவை. இவர் சந்தனம் வைத்தார். உள்ளே ஓடுவது தெரியாது அவருக்கு.

பொய் சொன்னது சாமிக்கா, புருஷனுக்கா? இரண்டும் பயம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பூ வாங்கணும். அவல், பொரி. எண்ணெய்.

"என்னடி, உஸ்ஸுன்னு சத்தம்?"

"சரஸ்வதி குறட்டை விடுறா. உங்களுக்குப் போட்டியா."

சிரித்துக்கொண்டே போனார். புடவையைத் தொட்டேன். சுட்டது. எடுக்கலாமென்றால் இவர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 1, புதன்

சத்தம் இல்லை. புடவைக்குள் கைவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை. கருகின வாசம். காற்றுப் போகும் வழியைப் பட்டால் மூடிவிட்டேன். அழகாக, மடிப்பு வைத்து.

ரேஷ்மா எட்டிப் பார்த்தாள். "அக்கா, அப்பா போட்டோ நாளைக்குக் கிட்டுமா?"

"கிட்டும் மோளே." வேறென்ன சொல்ல?

அக்டோபர் 2, விஜயதசமி

பூஜையில் வைத்ததை எடுத்ததும் இவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாரென்று நின்றேன். "அழாதடி. பெட்டிக்குள்ள தண்ணி போயிடும்" என்றார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

ஷாஜி சேட்டன் சொல்லிவைத்த பழசோடு வந்தார். பழைய பெட்டியின் டிஸ்கை எடுத்துப் புதுப் பழசில் மாட்டினார். அதற்குள் ரேஷ்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடமும் சொன்னேன். தலை குனிந்திருந்தாள்.

கல்யாண மேடைப் படங்கள் திறக்கவில்லை. சேட்டன் வேறு என்னவோ செய்து தேடினார். ஆகாதென்று நாங்கள் தள்ளிவிட்டவை ஒவ்வொன்றாக வந்தன. யாரோ ஒருவர் முதுகு. பாதித் தலை. பிறகு பந்தியில் அவள் அப்பா. வாயில் பப்படம், கண் பாதி மூடி, சட்டையில் சாம்பார். பக்கத்தில் இவள், அவர் இலையிலிருந்து எதையோ திருடுகிறாள்.

சங்கடமாக இருந்தது. மூடப் போனேன்.

கையைப் பிடித்துக்கொண்டாள். "அடைக்காதே அக்கா. பெரிசாக்கு."