சிமெண்ட் கோழியும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

டக்ளஸ், வயோமிங்
11 ஜூலை 1986

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நானும் நீலும் காரில் ஊர் ஊராகச் சுற்றுகிறோம். சாலையோரத்தில் எந்தக் கோமாளித்தனத்தைக் கண்டாலும் அவனுக்கு வண்டியை நிறுத்தியாக வேண்டும். சோளக்கதிர் ஒட்டிய மாளிகை, கொம்பு முளைத்த முயல் சிலை, ஒன்றையும் விடவில்லை. நெப்ராஸ்காவுக்கு வந்து உங்களைப் பார்க்க ரொம்ப ஆசைப்பட்டேன். சாலை வேலை நடக்கிறதாம், வடக்கே சுற்றி வந்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செப்டம்பரில் எங்கள் கல்யாணம். நீல் வீட்டார் மட்டும்தான், சின்னதாக. கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் அலைய வேண்டாம். கடை வாசலில் முப்பதடி சிமெண்ட் கோழியைக் கட்டி வைத்தது போதாதா, ஆட்களை இழுக்க அதன் காலடியில் கோழிவேஷம் வேறு எதற்கு? அதை வேலைக்காரன் டேலிடமே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
மார்லிஸ்


ஹார்லன் கிரீக், நெப்ராஸ்கா
19 ஜூலை 1986

செல்ல மகள் மார்லிஸுக்கு,

முழங்கால் இருக்கிறது. சாலை வேலை எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் தீவனம் வாங்க டவுனுக்குப் போவேன் என்று தெரிந்துதான் அன்றைக்கு நம் கடைக்கு வந்திருப்பாய். அன்றைக்கு டேலுக்குக் காய்ச்சல். வேஷத்துக்குள் இருந்தது நான்தான் அம்மா.

நீல் நல்ல பையன். கூச்சப்படாமல் சேவல் மாதிரி சத்தமாகக் கூவி, நன்றாகக் கூவுகிறவர்களுக்கு நம் கடையில் கொடுக்கும் இலவச ஆப்பிள் பலகாரத்தை ஜெயித்தான். பிறகு உன்னைப் பார்த்து, “உங்கப்பா உயிரோட இருந்திருந்தா இதப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார், இல்ல?” என்றான். நீ “ஆமா, பாவம்” என்றாய்.

நான் செத்துப்போனது எனக்கே அப்போதுதான் தெரியும். வேஷம் போட்டவன் பேசக்கூடாது, கொக்கரிக்க மட்டும் செய்யலாம். நானே வைத்த சட்டம். அதனால் கொக்கரித்தேன். நீல் கைதட்டினான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைக் கோழிக்குஞ்சு என்று கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உள்ளே நான் இருப்பது உனக்குத் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல். கல்யாணத்துக்கு வரமாட்டேன். செத்தவன் வந்து நின்றால் உனக்குத்தான் சங்கடம்.

அப்பா


டென்வர்
27 ஜூலை 1986

அன்புள்ள அப்பா,

நீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் அம்மா முதல்முறை விருந்துக்கு அழைத்தபோது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கோழி என்று சொல்ல நாக்கு எழவில்லை. இறந்துவிட்டார் என்று வாயில் வந்துவிட்டது. அதன்பிறகு அதை மாற்றத் தைரியம் வரவில்லை.

நீல் கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “பெத்த அப்பா பக்கத்துல நின்னு கொக்கரிக்கிறார். அது அவர் குரல்னு உனக்குத் தெரியவே இல்லையா?”

தெரியவில்லை என்றேன். இப்போது அவன் தன் அம்மா வீட்டில் இருக்கிறான்.

நீங்கள் வா என்று எழுதினால் நாளைக்கே புறப்பட்டு வருவேன். ஆனால் அதற்கு முன் உங்களிடமாவது பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். என்னைச் சிரிக்க வைக்க நீங்கள் சமையலறையில் கொக்கரித்துக் கேட்டே வளர்ந்தவள் நான். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது அப்பா. அதனால்தான் நேரமாகிவிட்டது என்று நீலை இழுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

மார்லிஸ்