சிலுப்பாத கிடாய்

மாப்ள,

இன்று காலை கப்பலூரில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் ஒருவர் கிடாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் முழுக்க அதன் வீச்சம். எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. நீ போய் நான்கு மாதமாகிறது. உனக்கு இனி எழுதி என்ன ஆகப்போகிறது? இருந்தும் எழுதுகிறேன்.

கப்பலூர் பட்டறையில் ஒரே ஷிப்டில் லேத் ஓட்டியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில்தான் என் தங்கையை உனக்குக் கட்டிவைத்தேன். ஆறாம் வருஷம் அவளுக்குக் கிட்னி கெட்டுப்போனது. கால் இரண்டும் வீங்கி, திருநகரில் உன் வாடகை வீட்டின் பின்பக்கம் கயிற்றுக் கட்டிலோடு கிடந்தாள். நீ சாமி கும்பிடுவாய், ஆனால் எதையும் கேட்டதில்லை. நான்தான் எங்கள் குலசாமிக்குக் கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டு, ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்து உன் வீட்டு வேப்பமரத்தில் கட்டினேன்.

அது கட்டிலை விட்டு நகராது. வீங்கிய பாதத்தை அதன் முதுகில் வைத்துக்கொண்டு, "சூடா இருக்குண்ணே, வலி தெரியல" என்பாள். அவள் முனகினால் தின்கிற தழையை விட்டுவிட்டு வந்து நிற்கும். ஒருநாள் நீ சொன்னாய்: "நாம எல்லாரும் வந்து என்னமாச்சும் பேசுறோம் மச்சான். இது ஒண்ணும் பேசாம கூட நிக்கிது. இதப் பாத்துத்தான் எனக்குச் சும்மா உக்காரத் தெரிஞ்சுச்சு." அதன்பிறகு நீயும் அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார ஆரம்பித்தாய். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நேர்ச்சையின் பலன் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

மாசியில் குலசாமி கோயிலில் கூடினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம்தான் வெட்டு. பூசாரி மூன்று முறை தெளித்தார். அது சிலுப்பவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வந்து உன் காலில் சாய்ந்து நின்றது.

"இன்னொரு தடவ ஊத்துங்க. குடத்தோட ஊத்துங்க!" என்று நான் கத்தினேன்.

நீ குனிந்து அதன் கழுத்து மாலையைக் கழற்றினாய். "விட்ரு மச்சான். அது வேணாங்குது."

"என் தங்கச்சி உசுருடா மாப்ள!"

"தெரியும்" என்றாய். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பொட்டலில் இறங்கி நடந்தாய்.

பங்குனி பிறந்த மறுவாரம் அவள் போய்விட்டாள். பந்தலில், அத்தனை சனத்துக்கும் முன்னால், "ஒரு ஆட்டுக்காக என் தங்கச்சியக் கொன்னுட்டான்" என்றேன். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. உன் சொந்தங்கள்கூட உன் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார்கள். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். அந்தக் கிடாயோடு தனியாக ஆறேழு வருஷம் இருந்தாய்.

அது செத்த பிறகு ஒருநாள் ஆரப்பாளையத்தில், ஒரு டீக்கடையில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். மிகவும் இளைத்திருந்தாய். நான்தான் குத்தலாகக் கேட்டேன்: "ஆடு சொன்னதக் கேட்டியே, என்ன கெடச்சுச்சு?"

"அவ பொழைப்பான்னு அது சொல்லல மச்சான். வெட்டாதன்னு மட்டுந்தான் சொல்லுச்சு. நான் அம்புட்டுத்தான் கேட்டேன்." கிளாஸைக் கீழே வைத்தாய். "உம்மேல எனக்குக் கோவமில்ல. நீ ஒண்ண நம்பியிருந்த. நான் அதக் கெடுத்துட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மாசிக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது, டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார்: "இனி எங்க கையில ஒண்ணுமில்ல. ஒரு மாசம் தாங்குனாலே பெரிசு." உன்னிடம் அதை மறைத்தேன். கிடாய் வெட்டினால் ஒருவேளை பிழைப்பாளோ என்று நினைத்தேன். அவள் போனதும் அந்த 'ஒருவேளை'யை உன் தலையில் இறக்கிவிட்டு, பாரமில்லாமல் அழுதேன்.

டீக்கடையில் வாய்வரை வந்தது. அதற்குள் திருமங்கலம் பஸ் வந்துவிட்டது. "வாரேன் மாப்ள" என்று ஏறிவிட்டேன். போன ஐப்பசியில் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாயாம். நான் வருவதற்குள் உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இந்த மாசியிலும் கோயிலுக்குப் போனேன். சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியும் மனசு இறங்கவில்லை. சாமிக்கு அது முதலிலேயே தெரியும். தெரியாமல் போனவன் நீ ஒருவன்தான். பொண்டாட்டியைவிட ஆடு பெரிதென்று இருந்தவன் என்று வாசலில் இரண்டு பேர் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே நின்று செருப்பை மாட்டினேன். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.