ஒட்டிக்கொண்ட பட்டன்

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்கப் பேசினேன். “வணக்கம், என்ன வேணும்?” “வேற ஏதாவது?” “ஜன்னல் பக்கம் வாங்க.” எத்தனை கார் வந்தாலும் இந்த மூன்றுதான். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து “அப்பாடா” என்றேன். என்னக்கா என்று கேட்க ஆளில்லை. தங்கை கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்த வீட்டில் சத்தம் போடுவது ஒழுகுகிற குழாய் மட்டும்தான்.

எங்கள் சாப்பாட்டுக் கடையில், காரில் உட்கார்ந்தபடியே வாங்கிப்போகிறவர்களுக்கான இந்த ஜன்னல் வேலையை நானே கேட்டு வாங்கினேன், என் புத்தி. கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறை, ஒரே ஒரு ஆள் நிற்கலாம். சமையல்கட்டு சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு சின்னத் திறப்பு வழியாகப் பொட்டலம் வரும், கொடுக்கிற கை மட்டும் தெரியும். காதில் மாட்டிய ஹெட்செட்டில் இரண்டு பட்டன். ஒன்றை அழுத்தினால் காரில் இருப்பவருக்குக் கேட்கும், மற்றதை அழுத்தினால் சமையல்கட்டில் எல்லார் காதிலும் கேட்கும். இரண்டாவதை நான் தொடுவதே இல்லை. ஆர்டர்தான் திரையில் தானாகப் போய்விடுகிறதே.

மார்ச் 5, வியாழன்

ஒரு ஆள் பொட்டலத்தை முகத்தில் எறியாத குறை. சாஸ் இல்லையாம். “எதுக்குத்தான் சம்பளம் வாங்கறீங்களோ!” மன்னிப்புக் கேட்டேன், சாஸ் கொடுத்தேன், சிரிக்கவும் செய்தேன். அதுவும் சம்பளத்தில் சேர்த்தி.

கார் போனதும் தனியாக நின்று திட்டித் தீர்த்தேன். அந்த ஆளை இல்லை, பொட்டலம் கட்டுகிற பெண்ணை. தொட்டதற்கெல்லாம் பொரிவதால் அவளுக்குக் கடுகு என்று பேர் வைத்திருக்கிறேன். உருளை பொரிக்கிற நெட்டையன் ஒட்டடைக்கம்பு. மேனேஜர் மூக்குக்கண்ணாடி. எல்லாம் எனக்குள்ளே மட்டும்.

பேசியே பழகிவிட்ட வாய். தங்கை இருந்தவரை அவளிடம், இப்போது அந்தப் பெட்டிக்குள் எனக்கு நானே. “நீல வண்டி வருது, பின்னாடி மூணு வாண்டுங்க, பசியில ஒண்ணையொண்ணு அடிச்சுக்குதுங்க” — வருகிற வண்டியை எல்லாம் வர்ணிப்பேன். நடுநடுவே தங்கைக்கும் திட்டு விழும். ஞாயிறானால் ஐந்து நிமிஷம் பேசுவாள், அதற்குள் “அப்புறம் கூப்பிடறேன்க்கா”.

சாப்பாட்டு வேளையில் ஓய்வறைக்குப் போனேன். கடுகும் ஒட்டடைக்கம்பும் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்கள். “உக்காருங்க மேடம்.” மேடமாம்! தனியாகத்தான் சாப்பிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஐயோ.

இன்று ஆள் குறைவு என்று மேனேஜரும் ஒரு ஹெட்செட் மாட்டிக்கொண்டு சமையல்கட்டில் நின்றார். கொஞ்ச நேரத்தில் நேரே என் ஜன்னலுக்கு வந்தார். “மேடம், நீங்க பேசறதெல்லாம் உள்ள கேக்குது. பட்டன் ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க.” சமையல்கட்டுப் பட்டன். போன மாதம் அதன்மேல் குளிர்பானம் கொட்டியதே — அன்றிலிருந்தா?

அப்ப எல்லாமே கேட்டிருக்கு. கடுகு, ஒட்டடைக்கம்பு, எல்லாம். மழையில வண்டியே வராத அன்னிக்கு, எனக்குன்னு ஒரு ஆள் இல்லையேன்னு அழுதேனே, அதுவுமா? ஒருத்தராவது வந்து சொல்லக் கூடாதா? மனுஷங்களா இவங்க? ஓய்வறையில எதுக்குச் சிரிச்சாங்கன்னு இப்பத்தான் புரியுது.

மார்ச் 10, செவ்வாய்

புது ஹெட்செட் கொடுத்தார்கள். ஸ்டேஷன் பக்கத்துக் கிளைக்கு மாற்றல் கேட்டேன். சனிக்கிழமை சொல்கிறேன் என்றார் மேனேஜர். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, நிம்மதி.

மார்ச் 11, புதன்

அந்த மூன்று வாக்கியம் தவிர வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கடை மானம் கப்பலேறியது. வண்டிகள் தெரு வரை நின்றன, ஒரே ஹார்ன். எந்தப் பொட்டலமும் நேரத்துக்கு வரவில்லை. வந்ததும் மாறி மாறி வந்தது. ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள்.

கூட்டம் வடிந்ததும் கடுகு என் பெட்டிக்கு வந்தாள். இரண்டு பேருக்கு இடமில்லை, பாதி உடம்பு வெளியே.

“என்னக்கா, வாய்க்குப் பூட்டு போட்டுட்டீங்களா? நீங்க பாட்டுக்கு ‘வேன் நிறைய ஆளு வருது’ன்னு புலம்புவீங்க, நாங்க அப்பவே உருளையை எண்ணெயில போட்டுடுவோம். திரையில ஆர்டர் வர்றதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிரும். இப்ப கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு.”

“கேட்டுச் சிரிச்சீங்கல்ல?” என்றேன்.

“சிரிச்சோம்தான். ஒட்டடைக்கம்புன்னா சிரிக்காம? முதல்ல சிரிச்சதே அவன்தான்.”

“பட்டன் ஒட்டியிருக்குன்னு ஏன் சொல்லல?”

கடுகு பொரியவில்லை.

“சொன்னா நிறுத்திடுவீங்களே.”

போகும்போது திரும்பி, “தங்கச்சி கூப்பிட்டாங்களா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். இத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்டவள் இவள் ஒருத்திதான். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 14, சனி

ஸ்டேஷன் கிளையில் இடம் இருக்கிறதாம், திங்களே சேரலாமாம். வேண்டாம் என்றேன். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏன் என்றார். “இங்க பழகிடுச்சு சார்.”

புதுப் பட்டன் ஒட்டுவதில்லை. பேச வேண்டுமானால் நானேதான் அழுத்த வேண்டும். காலையிலிருந்து விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். தெரியாமல் பேசுவது சுலபம். தெரிந்தே பேச என்ன கூச்சம்!

மதியம் அழுத்தினேன். “சிவப்பு வண்டி. உள்ள ஒரு தாத்தா, பேரன் பட்டாளம். தாத்தா இப்பவே பர்ஸைத் தடவிப் பாக்கறார்.”

காதில் கொல்லென்று சிரிப்பு. பிறகு ஒட்டடைக்கம்பின் குரல்: “உருளை போட்டாச்சுக்கா.”

மார்ச் 22, ஞாயிறு

தங்கை கூப்பிட்டாள். “என்னக்கா குரல் இப்படி இருக்கு? சளியா?”

“பேசிப் பேசித் தொண்டை கட்டிடுச்சுடி.”

“யார்கிட்ட?” என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வேலைக்கு நேரமாகிவிட்டது. “அப்புறம் கூப்பிடறேன்டி” என்று நான்தான் வைத்தேன்.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.