அண்ணன் வரைந்த போர்டு

மார்ச் 3
அண்ணன் அனுப்பிவிட்டான். நான்கு கம்ப்யூட்டர் கோப்புகள், விளக்கம் ஒரு வரிகூட இல்லை. படுக்கையில் விழுந்ததிலிருந்து அப்பாவுக்குக் குரல் எழும்புவதில்லை, என்னைக் கூப்பிட அழுத்தினால் ஒலிக்கும் ஓர் அழைப்பு மணி வேண்டும். கடையிலேயே வாங்கியிருப்பேன். "நானே டிசைன் பண்றேன், சர்க்யூட் போர்ட நீ வீட்ல பண்ணிக்கோ" என்று ஜம்பம் அடித்தான். எனக்கு ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் தெரியும், அதுதான் நான் செய்த குற்றம்.

மார்ச் 5
திறந்தேன். ஒரே படமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. செம்பு எங்கே நிற்க வேண்டும் என்பது ஒரு கோப்பில், துளைகள் ஒன்றில், விளிம்பு ஒன்றில், மேலே அச்சாகும் எழுத்துகள் ஒன்றில். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் போர்டு. துளைக் கோப்பு முழுக்க வெறும் எண்கள். தலை சுற்றியது.

மார்ச் 8
போர்டு பாழ். செம்புப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சடித்து, செம்புத் தகட்டின்மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தேன். ஐசியின் கால்கள் இடம் வலம் மாறி உட்கார்ந்தன. கீழ்ப் பக்கத்தை மேலிருந்து பார்ப்பதாகவே வரைந்திருப்பார்களாம், திருப்பக் கூடாதாம். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அண்ணனிடம் போனில் கேட்டேன்.
"நீ கேக்கலையே."
கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேனா?

மார்ச் 9
வேண்டாத செம்பை அரிக்க ஊற்றிய அமிலத்தின் கறை தொட்டியை விட்டுப் போகவில்லை. என் விரல்களும் மஞ்சள். அவன் விரல் சுத்தமாகத்தான் இருக்கும்.

மார்ச் 12
இரண்டாவது போர்டு சரியாக வந்தது. ஆனால் என்னைக் கூப்பிடும் பொத்தான் போக, ஓரத்தில் இன்னொரு பொத்தானுக்கும் துளைகள். எதற்கு என்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.
"அது எனக்கு. அப்பா அத அழுத்துனா என் போன் அடிக்கும். அவர்கிட்ட சொல்லிட்டேன்."
"அடிச்சா வந்துடுவியா?"
"ஆரம்பிச்சிட்டியா" என்று வைத்துவிட்டான்.
அவன் போனை அடிக்கவைக்க அவனே பார்சலில் அனுப்பியிருந்த வைஃபை சில்லை அலமாரியில் போட்டேன். பொத்தானை மட்டும் பற்றவைத்தேன், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. அழுத்தட்டும். மகனின் லட்சணம் அப்பாவுக்கும் புரியட்டும்.

மார்ச் 15
காலையிலிருந்து அப்பா அதைத்தான் அழுத்துகிறார். என் பொத்தானைத் தொடவே இல்லை, தண்ணீருக்குக்கூட. பக்கத்தில் போய் நின்றேன். மெல்லச் சொன்னார்: "வேலையா இருப்பான், பாவம்."
அவனா பாவம்? அப்ப நான் யாருப்பா? வயிறு எரியுது. யார்மேலன்னுதான் தெரியல.

மார்ச் 16
சில்லைப் பற்றவைத்தேன். அப்பா அழுத்தினார். உடனே என் போன் அடித்தது. அண்ணன்தான் கூப்பிட்டான்.
"என் போன் மீட்டிங்ல கத்துது. அந்தச் சில்லக் கழட்டிடு."
"கழட்ட மாட்டேன்" என்று வைத்தேன்.
அப்பா என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"என்ன சொன்னான்?"
"சாப்டீங்களான்னு கேட்டான்."